பிரசவ நினைவு அச்சுறுத்தும்போது: இ.எம்.டி.ஆர். சிகிச்சை பற்றித் தாய்மார்களுக்கும் குடும்பத்தாருக்கும்

“குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு என்ன கவலை?” மகப்பேற்றுக்குப் பின் எங்கள் மனநலப் பிரிவை நாடி வரும் தாய்மார்கள் தத்தம் வீட்டில் அடிக்கடி கேட்டதாகச் சொல்வது இக்கேள்வியைத்தான். கேட்பவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. எனினும் அக்கேள்விக்குப் பின் அந்தத் தாய் வாய் திறப்பதில்லை. குழந்தை நலமாக இருப்பதும், அக்குழந்தை பிறந்த விதம் தாயின் மனத்தில் ஆறாத புண்ணாக நிற்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கக்கூடும். அத்தகைய புண்ணுக்குரிய சிகிச்சைகளுள் ஒன்றான இ.எம்.டி.ஆர். முறையைப் பற்றி இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

நீண்ட நேர வலிக்குப் பின் திடீரென அறுவை அரங்குக்குக் கொண்டு செல்லப்படுதல், கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, முகத்தைப் பார்ப்பதற்குள் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துச் செல்லுதல், முந்தைய கருவை இழந்தமை, வலியில் கதறியபோது எவரும் செவிசாய்க்கவில்லை என்ற உணர்வு ஆகியவை மனத்தைக் காயப்படுத்த வல்லவை. காயம் ஆறாதபோது அக்காட்சி அழையாமலேயே திரும்பத் திரும்ப வருகிறது. கச்சேரி சாலையில் ஆம்புலன்ஸ் ஒலி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. கிருமிநாசினியின் வாடை பட்டால் கைகால் சில்லிடுகிறது. பிரசவம் நடந்த மருத்துவமனை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் செல்வோரும், தடுப்பூசி நாளைத் தள்ளிப் போடுவோரும் உண்டு. குழந்தை உறங்கும் நேரத்திலும் சிலருக்கு உறக்கம் வருவதில்லை. இத்தகைய நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என மருத்துவர்கள் கருதுவர். பிரசவமான சில நாட்களில் தோன்றி இரண்டு வாரத்துக்குள் தானாகவே தணியும் அழுகையும் மனச் சஞ்சலமும் இதனின்று வேறானவை. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும் வேறு நோயே, ஆயினும் இவை இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவது அரிதன்று.

தமிழ்நாட்டின் கிராமப்புறப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வு புதிதாகத் தோன்றியோர் 11 விழுக்காட்டினர். அதற்குத் துணைபோன காரணங்களாக அவ்வாய்வு குறித்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தமை, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆளின்மை. இவற்றுள் பல மருந்துக் கடையில் தீர்பவை அல்ல, வீட்டுக் கூடத்தில் தீர வேண்டியவை என்பதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டுகிறோம்.

மனத்தைப் புண்படுத்திய நினைவு பிரசவத்தைப் பற்றியதாகவே இருக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடல் புகுந்ததைக் கண்ட சிறுமியர் இன்று தாயாகும் வயதினர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள் நீர் ஏறியதை மறவாதோரும் அவ்வாறே. சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களுக்கு, மகப்பேற்று மருத்துவரின் உட்பரிசோதனையே பழைய நினைவைக் கிளறிவிடும். அதை ஏன் மறுக்கிறார் என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. விரிவாக எதுவும் கூற வேண்டாம். “இந்தப் பரிசோதனை எனக்கு மிகவும் கடினம்” என்று ஒரு சொல் சொன்னால் போதும். மெதுவாகச் செய்யவும், சொல்லிவிட்டுத் தொடவும், வேண்டும்போது நிறுத்தவும் முடியும்.

இ.எம்.டி.ஆர். என்பதைக் கண்ணசைவின் வழியே உணர்வைத் தணித்து, நினைவை மறுபடி சீரமைத்தல் எனத் தமிழில் விளக்கலாம். அமெரிக்க உளவியலாளர் பிரான்சைன் ஷாபிரோ 1987ஆம் ஆண்டில் ஒரு பூங்காவில் உலாவுகையில், தம் கண்கள் இங்குமங்கும் அசைந்தபோது மனத்தை வருத்திய எண்ணங்களின் கூர்மை மழுங்கியதைக் கவனித்ததாகக் கூறினார். அதன் வழி உருவான முறையின் முதல் ஆய்வு 1989இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோய்க்கு இம்முறையையும் பரிந்துரைத்தது. கண்ணசைவு எவ்வாறு பயன் தருகிறது என்பது பற்றிய விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. பலரும் ஏற்கும் ஒரு விளக்கம் இது: ஒரு காட்சியை நினைவில் நிறுத்திக்கொண்டே வேறொரு செயலிலும் கவனம் செலுத்தும்போது, மனத்தின் செயற்பரப்பு இரண்டுக்கும் போதுவதில்லை. அதனால் காட்சி மங்கி, மங்கிய நிலையிலேயே மீண்டும் பதிகிறது.

சிகிச்சை எட்டுக் கட்டங்களைக் கொண்டது. முதல் சந்திப்பிலேயே எவரும் வலியான நினைவுக்குள் இறக்கப்படுவதில்லை. முதலில் உங்கள் வரலாற்றைக் கேட்டறிவார்கள். பின்னர், கலங்கும்போது மனத்தை நிலைப்படுத்திக்கொள்ளும் வழிகளைப் பழக்குவார்கள். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துத் தோள்களை மாறி மாறி மெல்லத் தட்டும் ‘பட்டாம்பூச்சி அணைப்பு’ அவற்றுள் ஒன்று. மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் புயலுக்குத் தப்பிய குழந்தைகளுக்காக உருவானது அது. அதன்பின், மிகவும் வருத்தும் ஒரு காட்சியையும், அக்காட்சியோடு ஒட்டிக்கொண்ட எண்ணத்தையும் தெரிவு செய்வீர்கள். “நான் செத்துப்போயிருப்பேன்”, “என் உடம்பு என்னைக் கைவிட்டுவிட்டது” என்பன போல அவ்வெண்ணம் இருக்கலாம். வேதனையின் அளவைப் பூஜ்யம் முதல் பத்து வரை நீங்களே மதிப்பிடுவீர்கள். சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்களால் பின்தொடர்ந்தபடி, மனத்தில் எழுவதை எழவிட வேண்டும். ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, “இப்போது என்ன தோன்றுகிறது?” என்று மட்டும் கேட்பார்கள். கண்ணசைவு ஒவ்வாதவருக்கு முழங்கால்களையோ கைகளையோ மாறி மாறித் தட்டுவதும் உண்டு. ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம் வரை நீளும்.

நடந்ததை முழுவதும் விவரிக்க வேண்டியதில்லை என்பதே இம்முறையில் நாங்கள் பெரிதும் மதிக்கும் இயல்பு. மயிலாப்பூரின் பழைய ஒண்டுக்குடித்தனங்களானாலும் தியாகராய நகரின் அடுக்ககங்களானாலும், ஒரு பெண்ணின் மனம் திறந்த பேச்சுக்குத் தனி இடம் கிடைப்பது கடினம். சொல்லக் கூசும் செய்தியைச் சொல்லாமலே அதன் பிடியைத் தளர்த்த முடிவது பெரிய ஆறுதல். சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. நடந்தது நினைவிருக்கும், ஆனால் இப்போதே நடப்பதுபோல் உடல் பதறாது.

கர்ப்பகாலத்தில் இதைச் செய்யலாமா, கருவைப் பாதிக்குமா என்று பலரும் வினவுகிறார்கள். பிரசவத்தைக் குறித்து மிகுந்த அச்சம் கொண்ட கர்ப்பிணிகளிடையே நெதர்லாந்தில் நடந்த ஓர் ஒப்பாய்வில், இச்சிகிச்சை பாதுகாப்பானதாகவே காணப்பட்டது. அதே ஆய்வில் வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களின் அச்சமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். எனவே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது தேவை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். முந்தைய பிரசவத்தின் நினைவால் உறக்கமிழந்து, பரிசோதனைக்கு வரவே அஞ்சுபவருக்கு ஒன்பது மாதமும் காத்திருக்கச் சொல்வதும் நியாயமாகாது. உயர் இரத்த அழுத்தம், முன்கூட்டிய வலி போன்ற சிக்கல் உடையவர்களுக்கு மகப்பேற்று மருத்துவருடன் கலந்தே தொடங்க வேண்டும். வலிப்பு நோயோ கண் நோயோ இருந்தால் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

சில நிலைகளில் முதலில் வேண்டியது வேறு உதவி. பிரசவமான முதல் வாரங்களில் தாய் உறக்கமே இன்றிப் பரபரப்பதும், தொடர்பில்லாமல் பேசுவதும், இல்லாத குரலைக் கேட்பதும், குழந்தையைப் பற்றி விபரீதமாக நம்புவதும் அவசர நிலையாகும். காற்று, கருப்பு, தோஷம் என்று மந்திரிக்கக் கொண்டு சென்று நாட்களைக் கழிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடும் எண்ணம் எழுந்தாலும் அப்படியே. மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்கள் இச்சிகிச்சையை நம்பித் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. பாலூட்டும்போதும் உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன. அனுமதிக்கப்பட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவே இயங்குகிறது.

இணையத்தில் அசையும் புள்ளியைக் காட்டும் காணொளிகள் பெருகிவிட்டன. அவற்றைப் பார்த்து வீட்டில் தனியே முயல வேண்டாம். நினைவு கிளறப்பட்ட பின் தணிக்க அருகில் எவரும் இல்லாவிடில் வேதனை மிகும். சிகிச்சையாளரைத் தேடும்போது, அவர் மனநல மருத்துவரா அல்லது பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்பதையும், இம்முறையில் தனிப் பயிற்சி பெற்றவரா என்பதையும், கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகியவரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியது எளியது. அமர்வு நடக்கும் ஒன்றரை மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள ஒருவர் உடன் வரட்டும். பாலூட்டிவிட்டு உள்ளே செல்லும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் “உள்ளே என்ன சொன்னாய்?” என்று கேட்க வேண்டாம். ஓரிரு நாள் களைப்பும், தெளிவான கனவுகளும் வரக்கூடும். அந்நாட்களில் இரவில் ஒருமுறையாவது வேறொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நலம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்பவர்கள், சிகிச்சை பாதியில் நின்றுவிடாதபடி பயண நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பிரசவ அறையின் வாயிலில் நின்று அனைத்தையும் கண்ட கணவருக்கும் இதே காயம் நேர்ந்திருக்கலாம், அவரும் தமக்கென நேரம் கேட்டுப் பெறலாம்.

மருத்துவமனைக்கு உடனே வர இயலாதபோது, டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் செயல்படும் சிநேகா அமைப்பையும் நாடலாம். எங்களிடம் வருவோர் மகப்பேற்றுக் கோப்பை உடன் கொண்டு வந்தால், பிரசவத்தன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை மருத்துவரோடு அமர்ந்து முதலில் தெரிந்துகொள்ளலாம்.