கொல்லிமலை அடுப்பும் கப்பலில் வந்த கிழங்கும்

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டருகே வந்திறங்கியது மிளகை நாடி என்பதை அங்கத்தினர் அறிவர். அவர் வழிவந்த போர்ச்சுக்கீசியர் மிளகைக் கப்பலேற்றிச் சென்றதோடு நில்லாது, அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பலவற்றையும் இங்கே கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று மிளகாய். அதற்குமுன் நம் முன்னோர்க்கு உறைப்பென்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி ஆகியவையே. புதிய காய்க்குத் தமிழர் வேறு பெயர் தேடவில்லை. மிளகைப்போல் உறைக்கும் காயை மிளகாய் என்றனர். அன்னாசி, கொய்யா என்னும் பெயர்களோ போர்ச்சுக்கீசியச் சொற்களின் திரிபுகள். கொல்லிமலை அன்னாசியை விரும்பி வாங்குவோருள் எத்தனைபேர் இதனை எண்ணியிருப்பர்!

மிளகு விளையும் இம்மலையிலேயே குழம்புக்கு மிளகாய் போடுவானேன்? மிளகுக்கொடி காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காய்த்ததும் அது சந்தைக்குப் போய்விடும். மிளகாய்ச் செடியோ புழைக்கடையிலேயே சில மாதங்களில் காய்த்துவிடும்.

இவை சுவையை மாற்றினவேயன்றி நிலத்தை மாற்றவில்லை. நிலத்தை மாற்றியது, பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளியாகும். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதனை உணவுப்பயிராகப் பரப்பினார்; அங்கே அது மீனோடு சேர்ந்து ஏழைகளின் உணவாயிற்று. சேலம் வட்டாரத்தில் அது வேறு வழி சென்றது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து சேகோ வருவது நின்றபோது, 1943-இல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். நெசவாளர் பாவுக்கு இடும் கஞ்சிக்கும் அம்மாவு உதவலாயிற்று. ஆகவே, இங்கே கிழங்கு அடுப்பங்கரையைவிட ஆலைக்கே மிகுதியாகச் சென்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொல்லிமலைச் சரிவுகளிலும் மரவள்ளி ஏறிற்று. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலம் குறைந்தது. கிழங்கு ரொக்கம் தருகிறது; அதனைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆனால் அதன் விலை மாவுச்சத்தின் அளவையும் ஆலையின் தேவையையும் பொறுத்தது. சேலத்தில் 1981-இல் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராயிருப்போர் ஆலைக்காரர்கள். கிழங்கு விளைவிப்போருக்கு அத்தகைய பலம் இல்லை. விலை விழும் ஆண்டில் விற்காத சாமையை உண்ணலாம். விற்காத கிழங்கோ, தோண்டிய சில நாட்களில் கெட்டுவிடும்.

உண்பதிலும் எச்சரிக்கை தேவை. ஆலைக்கென்று வளர்க்கும் வகைகளுள் நஞ்சு மிகுந்த கசப்புக் கிழங்குகளும் உண்டு. தோலையும் உட்பட்டையையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் உண்ணலாகாது. புரதமும் கிழங்கில் சொற்பம்; நூறு கிராம் சாமையில் ஏழு கிராமுக்குக் குறையாது, கிழங்கிலோ ஒன்று ஒன்றரை கிராமே.

சாமை அடுப்பைவிட்டு நீங்கியதற்குப் பெண்களின் உழைப்பும் ஒரு காரணம். உமி போக உரலில் நெடுநேரம் குற்ற வேண்டியிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் மலையூர்களில் உமி நீக்கும் இயந்திரங்களும் விதைச் சேமிப்பகங்களும் ஏற்பட்டன. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை என இம்மலைக்குரிய வகைகள் பல. ஒரு பருவம் விதையாவிடினும் வித்துக் குறைந்துபோகும் என்பதைச் சாகுபடி செய்வோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.