ஏணியில் உங்கள் குடும்பம் எந்தப் படியில்?

ஒரு குடும்பம் நிறைவோடு வாழ்கிறதா என்பதை எப்படி அறிவது? கூரை, கிணறு, மலசலகூடம் ஆகியவற்றைப் பார்த்து எண்ணிவிடலாம். மனநிறைவைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஹட்லி கான்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலில் இதற்கு எளிய வழியொன்றைக் காட்டினார். ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது உங்களுக்கு நேரக்கூடிய மிக மோசமான வாழ்வு. உச்சியில், 10ஆம் படியில், நீங்கள் விரும்பும் மிகச் சிறந்த வாழ்வு. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

வருமானம் நம்மை மேலே ஏற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிலையாக வர வேண்டும். வேளாண்மை வெட்டியதும் நெல் மூடைகள் கடன்காரர் வாசலுக்குப் போகுமானால், நல்ல விளைச்சலும் நிம்மதி தராது.

அடுத்தது உறவு. கல்கத்தாவின் சேரிகளிலும் தெருவோரங்களிலும் வாழ்ந்த ஏழைகளிடம் நடத்திய ஆய்வொன்று 2001இல் வெளியானது. மொத்த வாழ்க்கையைப் பற்றிய அவர்களது நிறைவு குறைவாகவே இருந்தது. ஆனால் குடும்பம், உறவு பற்றிய நிறைவு உயர்ந்து நின்றது.

இது எமக்குப் புதிதல்ல. மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். தாயும் பெண்மக்களும் அயலயலாக வாழ்வார்கள். 1990இலும் 2007இலும் போரினால் படுவான்கரைக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டோடு மகளின் சீதனமும் பிள்ளை பார்க்க அயலிலிருந்த பெரியம்மாவின் துணையும் போயின. வேறிடத்தில் கல்வீடு கிடைத்தாலும் அந்த இழப்பு ஈடாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர் தம் ஆசைகளையே சுருக்கிக்கொள்கிறார் என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டுகிறார். எனவே "ஏதோ இருக்கிறோம், போதும்" என்ற பதிலைக் கொண்டு, அக்குடும்பத்துக்கு எதுவும் தேவையில்லை என்று எவரும் முடிவு செய்யலாகாது.

வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தந்தை 6 என்பார். தண்ணீருக்கு நடக்கும் தாய் 3 என்பார். ஏன் என்று கேளுங்கள். காணிக்குப் பத்திரமில்லை, கடன் தீரவில்லை, உறவினர் தொலைவில் என்று காரணங்கள் வெளிவரும். அவற்றை எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். கூரைகளை எண்ணுபவர்களுக்கு இந்தக் காரணங்கள் தெரியாது. அவற்றைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.