அனுமானப் பயிற்சியும் வாதநூற் கல்வியும்

மலையிற் புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் அனுமானம் என்பதை மாணாக்கர் தடையின்றி ஒப்புவிப்பர். அச்சிட்ட பக்கமொன்றைக் கையிற் கொடுத்து, இதிலே புகை எது, நெருப்பு எது என்று வினாவினாற் பலர் வாளாவிருப்பர். மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் முதலியவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றது. இத்துணைப் பழைய கருவி பரீட்சைக்குரிய பெயர்ப்பட்டியலாய்ச் சுருங்கியமை இரங்கத்தக்கது.

அதனை மீட்டும் வழங்குதற்கேற்ற வாதங்கள் யாழ்ப்பாண வரலாற்றிலேயே உள்ளன. 1829இல் வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த தானியேல் பூவர், சந்திரகிரகணமொன்றைப் பற்றிய மேனாட்டுக் கணிப்பை அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்போடு ஒப்பிட்டுக் காட்டினார். கிரகண இரவிலே வானம் பூவர் பக்கமே நின்றது. அதனைக்கொண்டு மிஷனரிமார் நிறுவ முயன்றதோ பஞ்சாங்கத்தின் பிழையை மட்டுமன்று. புராணங்களும் நம்பத்தகாதன என்பதையுமாம்.

ஈண்டு ஆசிரியர் கரும்பலகையை இரண்டாக வகுத்து, ஒருபால் கண்டதனையும் மறுபால் கருதியதனையும் எழுதுவித்தல் வேண்டும். கண்டது, பஞ்சாங்கம் காலத்திற் சிறிது பிழைத்தமை. கருதியது, சமயநூல் பொய்யென்பது. இவ்விரண்டிற்கும் இடையே சொல்லாது விடப்பட்ட படியொன்றுண்டு: பஞ்சாங்கக் கணிதம் புராணத்தினின்றே பிறந்தது என்பது. அக்கணிதமோ கோள்களின் இயக்கத்தை எண்ணிக் கணிப்பது. இராகு சந்திரனை விழுங்குங் கதையை ஆதாரமாகக் கொண்டதன்று. எனவே ஏது நழுவுகின்றது. ஆயின், புராணம் மெய்யென்பதற்கும் அவ்விரவு சான்றாகாது. ஆர்வமிகுந்த மாணாக்கன் இவ்விடத்தே வழுக்குதல் இயல்பு. அவ்வாதத்தின் வன்மை தருக்கத்தில் இருந்ததன்று. கண்ணாற் கண்டோர்க்குக் காட்சியின் உறுதி கருதலின்மேலும் படிந்துவிட்டது. பிறரை இணங்குவிக்கும் உரைகள் பெரும்பாலும் இவ்வழியே தொழிற்படுவன.

எதிர்ப்பக்கத்து வாதத்தைப் பகுத்தல் எளிது. கடினமான பாடம், தம் பக்கத்து நூலை எடுக்கும்போதே தொடங்கும். ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம் அதற்கு மிகப் பொருத்தமானது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவராதலால், நாவலர் அந்நூலை நன்கறிந்தவர். மிஷனரிமார் இகழ்ந்த கிரியைகளுக்கு ஒப்பானவை விவிலியத்திலும் உளவெனக் காட்டி, இகழ்ந்தவர் வாயை அவர்தம் நூலாலேயே அடைத்தார். விவிலியத்தை ஏற்பவர்க்கு அவ்விடை போதியது. இரண்டு நூலையும் ஏலாதவனுக்கு அக்கிரியைகள் தகுவன என்பதை அது மாத்திரம் நிறுவுமோ? நிறுவாது. நாவலர் எடுத்துக்கொண்ட காரியம் கண்டனத்தைத் தடுத்தலாதலின், இது நூலின் குறையன்று, எல்லை.

பூவர் வாதத்துக்கு எழுதிய குறிப்பையும் நாவலர் வாதத்துக்கு எழுதிய குறிப்பையும் மாணாக்கன் அருகருகே வைத்துப் பார்க்கும்படி ஆசிரியர் பணித்தல் நன்று. இரண்டினையும் ஒரே கோலால் அளந்தானா என்பது அவனுக்கே புலப்படும்.