இலவச மென்பொருளுக்கும் விலை உண்டு

கோபாலபுரத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் கணினி அறிவியல் படிக்கும் ப்ளஸ் டூ மாணவரும், மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவரும் இன்று பைத்தான் மொழியில்தான் நிரல் எழுதுகிறார்கள். மாநிலப் பாடநூலில் அது 2019இல் வந்தது. அதற்கு முன் சி++. பைத்தானுக்குக் காசு கிடையாது. ஆனாலும் நிரல் எழுதும் கருவியை மாற்றுவது என்றால் பள்ளி, கல்லூரி, கம்பெனி எல்லாமே தயங்குகின்றன. தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆசிரியர் புதிதாகப் படிக்க வேண்டும், பழைய நிரல்களைத் திருத்த வேண்டும். உண்மையான செலவு அங்கேதான். அதனால் விலையைக் கேட்பதற்கு முன், இந்த நிரலில் இனி யாராவது கை வைக்கப்போகிறார்களா என்று கேட்க வேண்டும்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய டர்போ சி++ கம்பைலரைப் பார்ப்போம். போர்லாந்து நிறுவனம் அதை 1990இல் வெளியிட்டது. சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் வந்ததோ 1998இல். டர்போ சி++இல் சாதாரண முழு எண்ணுக்கு (int) 16 பிட் இடம்தான். 32,767ஐத் தாண்ட முடியாது. 300ஐ 300ஆல் பெருக்கினால் 90,000 வராது, 24,464 வரும். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. பழைய டாஸ் சூழலைப் போலியாக உருவாக்கும் டாஸ்பாக்ஸின் தயவு வேண்டும். ‘லூப்பும் அரேயும் எதில் படித்தால் என்ன?’ என்பார்கள். அடிப்படை மாறாது என்பது சரி. ஆனால் இன்றைய கம்பைலர்கள் ஏற்காத பழக்கங்களும் அதோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. ஜிசிசி போன்ற இலவசக் கம்பைலர் இருக்கும்போது, கல்லூரி மிச்சம் பிடிக்கும் உழைப்பை வேலைக்குப் போன பிறகு மாணவர் செலுத்துகிறார்.

மாற்றத்தின் செலவையும் பலனையும் பைத்தானிலேயே பார்க்கலாம். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1இல். இடைப்பட்ட காலமெல்லாம் பழைய நிரல்களைத் திருத்துவதில் போனது. பழையதில் 5ஐ 2ஆல் வகுத்தால் 2, புதியதில் 2.5, இப்படிப்பட்ட மாற்றங்கள் சத்தமில்லாமல் கணக்கைப் புரட்டிவிடும். ஆனாலும் தமிழுக்குக் கிடைத்த பலன் பெரிது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பைட்டுகளை எண்ணி 15 என்றது. பைத்தான் 3 யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்கிறது. நாம் எண்ணும் 3 எழுத்து வர ஓப்பன் தமிழ் போன்ற தொகுப்பு வேண்டும். ஆனால் அந்த வேலை வெகுவாக எளிதாகிவிட்டது.

எல்லாவற்றையும் உடனே மாற்று என்பதல்ல வாதம். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998இல். அந்தக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008இல் நிறுத்திவிட்டது. அதில் எழுதிய நிரல்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன. இணையத்தில் சேராத கணினியில் பில் மட்டும் போடும் நிரலை மாற்றி எழுதுவது வீண் செலவு. ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பில்லிங் நிரல்களைத் திருத்தாமல் தீரவில்லை. திருத்தத் தெரிந்தவர் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை பழைய கருவி மலிவு. அவர் அரிதாகத் தொடங்கும்போதே மாற்றிவிடுவது லாபம்.