காவலாளி வந்தால்தான் கதவு மூடும்

காக்ஸ் டவுனிலிருந்து ஐ.டி. வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குபர்நெட்டீஸில் 'யாரும் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு நெட்வொர்க் பாலிசி போட்டேன். இப்போது வெப் செயலியை மட்டும் இணையத்துக்குத் திறக்க இன்னொன்று எழுத வேண்டும். இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும்?"

மோதவே மோதாது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

வரலாறு கொஞ்சம்தான். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸை கூகுள் 2014இல் வெளியிட்டது. நெட்வொர்க் பாலிசி 2017இல் 1.7 பதிப்பில் நிலைபெற்றது. மற்றதெல்லாம் விளம்பரம்.

உங்கள் ஏரியாவில் பழைய பங்களாவை இடித்துக் கட்டிய அப்பார்ட்மென்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீடும் ஒரு 'பாட்'. உள்ளே குடியிருப்பவை கன்டெய்னர்கள். ஆரம்பத்தில் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். ஒரு வாசலில் காவலாளியை நிறுத்திப் பட்டியல் கொடுத்ததுமே, அதில் இருப்பவருக்கு மட்டும்தான் வழி. தடைப் பட்டியல் என்று தனியாக ஒன்று கிடையாது. நீங்கள் முதலில் போட்டது, எல்லா வீட்டுக்கும் கொடுத்த வெற்றுப் பட்டியல். இரண்டாவது பட்டியலை வெப் வீட்டுக்கு மட்டும் கொடுங்கள். காவலாளி இரண்டையும் புரட்டுவார். ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும், விட்டுவிடுவார். எது முதலில் எழுதியது என்று பார்க்கமாட்டார். டேட்டாபேஸ் வீடு மூடியே இருக்கும். குடியிருப்போர் அடிக்கடி மாறுவதால், வீட்டை எண்ணால் அல்ல, கதவில் ஒட்டிய லேபிளால் அடையாளம் காண்பார்.

இரண்டாவது பட்டியலில் எழுத வேண்டியது: 0.0.0.0/0, அதாவது எல்லா ஐபிவி4 முகவரிகளும். போர்ட், வெளியே தெரியும் 443 அல்ல; கன்டெய்னர் காதுகொடுக்கும் 8080 போன்ற எண். பாலிசி அனுமதிதான் தரும், பாதை போடாது. லோட் பேலன்சர் தனியாக வேண்டும்.

சிக்கல் ஒன்று உண்டு. பல அமைப்புகளில் கேட் செக்யூரிட்டியே விருந்தாளிக்குப் பதிலாக மாடியேறி வருவார். வீட்டுக் காவலாளிக்குத் தெரிவது அவர் முகம்தான், விருந்தாளியின் உண்மையான முகவரி அல்ல. 'சென்னை ஆபீஸ் மட்டும்' என்று முகவரி குறித்தால் அந்த ஆபீஸ் விருந்தாளியும் வாசலிலேயே நிற்பார். சர்வீஸில் எக்ஸ்டர்னல் டிராஃபிக் பாலிசியை 'லோக்கல்' என்று வைத்தால் பெரும்பாலும் உண்மையான முகவரி வந்து சேரும்.

இன்னொன்று, காவலாளியை அனுப்புவது குபர்நெட்டீஸ் அல்ல, நெட்வொர்க் பிளகின். காலிகோ, சிலியம் அனுப்பும். ஃப்ளானல் மட்டும் இருந்தால் உங்கள் பாலிசி மறுப்பின்றிப் பதிவாகும், வாசலில் ஆள் இருக்காது, எச்சரிக்கையும் வராது.

ஆகவே 'ஜீரோ டிரஸ்ட்' (யாரையும் தானாக நம்பாத பாதுகாப்பு) என்று யார் விற்க வந்தாலும், அனுமதியில்லாத ஒரு பாடிலிருந்து டேட்டாபேஸைத் தொட்டுப் பாருங்கள். பதில் வந்தால், நீங்கள் எழுதியது வெறும் காகிதம்.