வினைக்குத் துணை – 11: ஆறு மாதத்து ‘மே’

ஆங்கிலத் துணைவினைகளைப் பற்றிய இந்தத் தொடரில் ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ கதை போன வாரத்தோடு முடிந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம் ‘குட்’டும் ‘வுட்’டும் என்று எழுதியிருந்தேன். ஆனால் 1956-ஆம் வருடத்து ஒப்பந்தம் ஒன்று கையில் கிடைத்தது. அதில் ஒரு வாக்கியம் என்னை வேறு எதையும் எழுதவிடவில்லை.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அது. புதுச்சேரிப் பகுதியின் கீழூர் கிராமத்தில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தது 1954 அக்டோபர் 18-ல். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1956 மே 28-ல். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. அந்த வருடம் ஆகஸ்ட் 16 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் சுதந்திர தினத்துக்கு மறுநாளும் இங்கே புதுச்சேரியில் கொடியேற்றுகிறோம்.

அதன் ஆங்கில வடிவத்தில் நான்காவது பிரிவைப் பாருங்கள். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ‘ஷல் பிகம்’. யாரும் யாரையும் கேட்கவில்லை, மனு எழுதவில்லை, வரிசையில் நிற்கவில்லை. ஆகஸ்ட் 15 இரவு பிரெஞ்சுக் குடிமகனாகப் படுத்தவர் மறுநாள் இந்தியராக எழுந்தார். இந்த ‘ஷல்’ நடக்கப்போவதைச் சொல்வதோடு நிற்பதில்லை, தானே நடத்தி வைக்கிறது.

அடுத்தது ஐந்தாவது பிரிவு. அதே மக்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலத்தில் ‘மே’, ‘சூஸ்’. இலக்கணப் புத்தகம் இதை அனுமதி என்று ஒரே வார்த்தையில் முடித்து, ‘மே ஐ கம் இன்’ என்று ஓர் உதாரணமும் போட்டுவிடும். ஆனால் வாக்கியத்தில் ‘மே’யும் ‘சூஸ்’ஸும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ‘மே’ வந்ததும் ஒரு காற்புள்ளி. அதன்பின் ‘எழுத்து மூலமான அறிவிப்பு ஒன்றின் வழியாக’ என்று ஒரு நிபந்தனை. ‘ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள்’ என்று இன்னொன்று. மறுபடி காற்புள்ளி. அதற்குப் பிறகுதான் ‘சூஸ்’. துணைவினைக்கும் வினைக்கும் நடுவே ஆறு மாதம் கிடக்கிறது!

அதைத் தாண்டி ‘சூஸ்’ வரை போய்ப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் சுமார் ஐந்தாயிரம் பேர். 1963 பிப்ரவரி நடுவோடு அந்த ‘மே’ காலாவதியாகிவிட்டது. விஷயம் காதுக்கு எட்டாதவர்கள், எட்டியும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், இந்தியராக இருப்பதே போதும் என்று மனமார நினைத்தவர்கள் எல்லோரையும் நான்காவது பிரிவின் ‘ஷல்’ ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எந்த ‘மே’யைப் பார்த்தாலும் அதன் பின்னால் ஒரு ‘ஷல்’ நிற்கிறதா என்று தேடுங்கள் என்று மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். வாய்மூடி இருந்தவனுக்கு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த ‘ஷல்’.

ஊருக்கு வெளியே இருந்தவர்களுக்கு இதே கதை தலைகீழாக ஓடுகிறது. இங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே சைகோனிலோ பாரிஸிலோ குடியிருந்தவர்கள் ஏழாவது பிரிவின்படி பிரெஞ்சுக் குடிமக்களாகவே ‘ஷல்’ நீடிப்பார்கள். எட்டாவது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் இந்தியராக ‘மே’ ஆகலாம். குடியிருந்த இடத்துக்கு ‘ஷல்’, மனசுக்கு ‘மே’. அண்ணன் சைகோனிலும் தம்பி புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் இருந்து, இருவருமே எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் இந்தியர்.

பிரெஞ்சுக்காரராகவே நீடித்தவர்களின் தடம் இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவரை இந்த ஊர் ‘சொல்தா’ என்று சொல்லும். பிரான்ஸின் தேசிய தினமான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கங்கள் குத்திய கோட்டோடு வந்து நிற்பார்கள். இப்போது அந்த வரிசை மிகவும் குறுகிவிட்டது. பிரான்ஸில் அதிபர் தேர்தல் என்றால் இங்கேயும் வாக்குச்சாவடி திறக்கிறது. மறுபடி ஐந்தாவது பிரிவுக்கு வருவோம். சொந்தமாக எழுதிக் கொடுக்க வயதில்லாத பிள்ளைகளின் பெயரைத் தகப்பன்மார் தங்கள் அறிவிப்பிலேயே சேர்த்தார்கள். மனைவிக்கு மட்டும் தனி வாக்கியம். கணவனின் தேர்வு அவளுடைய குடியுரிமையைப் பாதிக்காது என்று அழுத்தமான ஒரு ‘ஷல் நாட்’. மணமான பெண்களின் குடியுரிமை பற்றி ஐ.நா. உடன்படிக்கை வந்ததே 1957-ல்தான். அதற்கு ஒரு வருடம் முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வரியை எழுதியவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம்.

‘மே’ இன்னொரு வேஷமும் போடும். அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அது அத்துப்படி. கீழிருந்து மேலே போகும் ஃபைலில் ‘மே பி அப்ரூவ்டு’ என்று எழுதினால் அது விண்ணப்பம். மேலிருந்து கீழே வரும் கடிதத்தில் ‘நெசசரி ஆக்‌ஷன் மே பி டேக்கன்’ என்று இருந்தால் அது உத்தரவு. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும் புது எழுத்தருக்கு நினைவூட்டுக் கடிதம் வரும்.

இந்த ஊரின் சட்டமன்றமே ஒரு ‘மே’யில்தான் நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 239ஏ பிரிவு, புதுச்சேரிக்கு நாடாளுமன்றம் சட்டமன்றத்தை உருவாக்க ‘மே’ என்கிறது. டெல்லிக்கான 239ஏஏ பிரிவு, சட்டமன்றம் இருக்க ‘ஷல்’ என்கிறது. 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டத்தில் இன்னொரு ‘மே’ இருக்கிறது: மத்திய அரசு மூன்று பேருக்கு மேற்படாமல் உறுப்பினர்களை ‘மே நாமினேட்’. அந்த வாக்கியத்தில் அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்பது தவிர வேறு தடை இல்லை. யாரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. 2017 ஜூலையில் அப்படி மூவர் நியமிக்கப்பட, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. மாநில அமைச்சரவையைக் கலந்துகொள்ளத் தேவையில்லை, நியமன உறுப்பினர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018 டிசம்பர் 6-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் நீதிமன்றம் படித்தது. எனக்கோ ஒப்பந்தத்தை எழுதியவர்கள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறார்கள். சாதாரணக் குடிமகனுக்குக் கொடுத்த ‘மே’யின் நடுவே இத்தனை நிபந்தனைகளை வைக்கத் தெரிந்திருக்கிறது. அரசாங்கத்துக்குக் கொடுத்த ‘மே’யின் நடுவே கலந்தாலோசனை என்று ஒரு தொடராவது இருந்திருக்க வேண்டும்.

‘குட்’, ‘வுட்’ இரண்டும் அடுத்த வாரம். அதற்கு முன் ‘வில்’லைப் பார்த்தாக வேண்டும். ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக அந்தஸ்து தொடரும் என்னும் இடத்தில் ‘ஷல்’ போடாமல் ‘வில்’ போட்டிருக்கிறது. அடுத்த வாக்கியமே, அந்த அந்தஸ்தில் மாற்றம் செய்வதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே ‘ஷல்’ என்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.