'ஐ ஆம் இன் பெருங்குடி ஒன்லி': தமிழருக்கான ஆங்கிலப் பாடம் ஏன் தமிழிலிருந்து தொடங்க வேண்டும்?

"வேர் டூ யூ லிவ்?"

"ஐ ஆம் ஸ்டேயிங் இன் பெருங்குடி ஒன்லி."

பெருங்குடி, கந்தன்சாவடி பக்கம் ஐ.டி. நிறுவன நேர்காணல்களில் இந்தப் பதிலைக் கேட்காத ஹெச்.ஆர். இருக்க மாட்டார். சென்னையில் வளர்ந்தவர் என்றால் அவருக்கு இது சட்டென்று புரியும். ஆனால், இதே வாக்கியத்தை அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் வீடியோ காலில் கேட்டால் ஒரு நொடி விழிப்பார். 'பெருங்குடியில் மட்டும்தான் இருப்பேன், வேறு எங்கும் வர மாட்டேன்' என்கிறாரா இவர்?

பேசியவருக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. பிளஸ் டூ வரை ஆங்கிலம் படித்தவர், பொறியியல் முடித்தவர், கோடிங் தேர்வைத் தாண்டி உள்ளே வந்தவர். அவர் மனதில் ஓடியது 'பெருங்குடியிலதான் இருக்கேன்' என்ற முழுமையான, அழகான தமிழ் வாக்கியம். அதில் இருந்த 'தான்'தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஒன்லி' ஆகிவிட்டது. 'நேத்தே அனுப்பிட்டேன்' என்பது 'யெஸ்டர்டே இட்செல்ஃப் ஐ சென்ட்' ஆவதும் இதே கதைதான். அங்கே வேலை செய்வது ஏகாரம்.

'ஒன்லி சொல்லாதே, தப்பு' என்று திருத்தும் ஆசிரியர்கள் நிறைய. அந்த 'தான்' செய்த வேலையை ஆங்கிலத்தில் எது செய்யும் என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. ஆங்கிலம் அந்த வேலையைப் பெரும்பாலும் குரலிடம் விட்டுவிடுகிறது. 'ஐ லிவ் இன் பெருங்குடி' என்று சொல்லும்போது 'பெருங்குடி'யில் குரலை அழுத்தினால் போதும், 'தான்' வந்துவிடும். தமிழில் ஒட்டாக வருவது ஆங்கிலத்தில் அழுத்தமாக வருகிறது. அவ்வளவுதான் விஷயம். இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்களிலும், எல்லா ஊருக்கும் ஒரே பாடத்தை விற்கும் ஆப்களிலும் இந்தப் பத்து நிமிடம் கிடைப்பது அரிது.

ஸ்பானிஷ் பேசுவோருக்காகத் தொடங்கியது

கற்பவரின் தாய்மொழியைப் பார்த்து ஆங்கிலப் பாடம் எழுத வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. 1941-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃப்ரைஸ் ஆங்கில மொழிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு முதலில் படிக்க வந்தவர்கள் லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுபவர்கள். கற்க வேண்டிய மொழியையும் தாய்மொழியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, அதிலிருந்து தயாரிக்கும் பாடம்தான் சிறந்த பாடம் என்று 1945-இல் ஃப்ரைஸ் எழுதினார். அவருடைய சகா ராபர்ட் லாடோ 1957-இல் இதை ஒரு முறையாகவே வகுத்துப் புத்தகம் போட்டார். லாடோ ஸ்பானிஷ் குடும்பத்தில் பிறந்து, வளர்ந்த பிறகு ஆங்கிலம் கற்றவர். எங்கே தடுக்கும் என்பது அவருக்கு அனுபவத்திலேயே தெரிந்திருக்கும்.

அவர்கள் கண்ட தடைகளைத் தமிழோடு வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. ஸ்பானிஷில் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்க', 'ஸ்ட' போன்ற கூட்டொலி வராது. அதனால் அவர்கள் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்பார்கள். நம்மூரில் 'இஸ்கூல்'. இரு மொழிகளும் சந்தித்ததே இல்லை, தீர்வு மட்டும் ஒன்று!

ஆனால் அடுத்த அடியிலேயே பாதை பிரிகிறது. ஸ்பானிஷில் உயிரொலிகள் ஐந்துதான். குறில், நெடில் என்ற பிரிவு கிடையாது. எனவே 'ஷிப்', 'ஷீப்' இரண்டும் அவர்கள் காதில் ஒன்றாக விழும். உலகின் பல ஆங்கிலப் பாட நூல்களில் இந்த 'ஷிப்–ஷீப்' பயிற்சி ஆரம்பத்திலேயே வருவதற்கு இத்தகைய மாணவர்கள் ஒரு காரணம். தமிழருக்கு அது தேவையே இல்லை. 'கல்', 'கால்' என்று குழந்தையிலிருந்தே பிரித்துக் கேட்டுப் பழகிய காது இது. கப்பலையும் ஆட்டையும் நாம் குழப்புவதில்லை.

நமக்குத் தடுக்கும் இடங்கள் வேறு. 'எ', 'ஏ' சொல்லின் முதலில் வந்தால் பேச்சுத் தமிழ் அதற்கு முன் ஒரு மெல்லிய 'ய்' சேர்க்கும்; 'ஒ', 'ஓ' வந்தால் 'வ்' சேர்க்கும். 'எனக்கு' என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆகவே 'எக்' என்பது 'யெக்' ஆகிறது, 'ஒன்லி' கூட 'வொன்லி' ஆகிறது. ஆங்கிலத்தின் இரண்டு 'வ' ஒலிகளுக்கும் நம்மிடம் ஒரே 'வ'தான். மேற்கைக் குறிக்கும் 'வெஸ்ட்', சட்டைக்குள் போடும் 'வெஸ்ட்' இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது: 'பேப்பர்', 'லெட்டர்'. ஆங்கிலத்தில் நடுவில் ஒரே 'ப', ஒரே 'ட' ஒலிதான். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனி வல்லினம் மென்மையாகிவிடும், 'அகம்' என்பதில் வரும் 'க' மாதிரி. அந்தக் கடினத்தைக் காப்பாற்றத்தான் நாம் ஒற்றை இரட்டிக்கிறோம். ஒரு வகையில் இது தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் மிகச் சரியாகக் கடைப்பிடிப்பது!

வாடிக்கையாளருக்கு எது முக்கியம்?

இதையெல்லாம் திருத்தியே ஆக வேண்டுமா? வேண்டாம். அமெரிக்கர் போல 'ர்'ரை உருட்டக் கற்றுத்தரும் வகுப்புகள் பெரும்பாலும் நேர விரயம். வேறு வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எங்கே புரிதல் உடைகிறது என்று ஆராய்ந்து 2000-இல் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். 'திங்க்' என்பதன் முதல் ஒலியைப் பிசகிச் சொன்னாலும் பெரிய பாதிப்பில்லை. உயிரொலியின் நீளம், கூட்டொலிகள், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பவை பிசகினால்தான் பேச்சு புரியாமல் போகிறது என்பது அவர் முடிவு. நீளம் நமக்கு ஏற்கெனவே கைவந்தது. அழுத்தம்தான் பாக்கி. மறுபடியும் அந்த 'தான்' விஷயத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் உண்மையில் வேலையைப் பாதிப்பது உச்சரிப்பைவிட மரியாதை. 'ஃபைலை அனுப்புங்க' என்பது தமிழில் முழு மரியாதை. 'ங்க' அதைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் 'ங்க'வுக்கு இணை இல்லை. அதைக் கழித்துவிட்டு மொழிபெயர்த்தால் 'சென்ட் மீ தி ஃபைல்' என்ற கட்டளைதான் மிஞ்சுகிறது. ஆங்கிலம் மரியாதையைக் கேள்வி வடிவத்தில் வைக்கிறது: 'குட் யூ சென்ட் மீ தி ஃபைல்?' வீட்டிலும் வெளியிலும் பணிவாகப் பேசும் ஒருவர் மின்னஞ்சலில் முரட்டு ஆள் போலத் தெரிவது இதனால்தான். அவருக்கே அது தெரியாது என்பது கூடுதல் சோகம். அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒரு வரி வரும், காரணம் மட்டும் வராது.

'ஐ ஹேவ் எ டவுட்' கூட அப்படித்தான். நமக்கு அது ஒரு கேள்வி. மறுமுனையில் இருப்பவருக்கு, 'நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று கேட்கலாம்.

எல்லாத் தவறும் தமிழால் அல்ல

இந்த ஒப்பீட்டு முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கற்பவரின் தவறு வெறும் தவறல்ல, அவர் மனதுக்குள் மொழி எப்படி உருவாகிறது என்பதன் தடயம் என்று 1967-இல் பிட் கார்டர் எழுதினார். 1974-இல் ஹைடி டுலே, மரீனா பர்ட் இருவரும் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளையும் சீன மொழி பேசும் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்தின் சின்னச்சின்ன இலக்கண உறுப்புகளை இரு குழுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பிடித்தன. 'ஹி கோஸ்' என்பதில் அந்தக் கடைசி 'ஸ்' ஏறக்குறைய எல்லோருக்கும் தாமதமாகத்தான் வருகிறது. தமிழரும் விடுகிறார், ஸ்பானிஷ்காரரும் விடுகிறார்.

ஆகவே முதல் மாதமே அந்த 'ஸ்'ஸுக்காக மாணவரை வறுத்தெடுப்பதில் பயனில்லை. தாய்மொழியால் வரும் தவறை விளக்கித் தீர்க்கலாம். வளர்ச்சியால் வரும் தவறைப் பொறுத்துத்தான் தீர்க்கலாம். இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆசிரியர். மைக்கேல் ஸ்வான், பெர்னார்டு ஸ்மித் தொகுத்து கேம்பிரிட்ஜ் வெளியிட்ட 'லேர்னர் இங்கிலிஷ்' நூல், மொழிவாரியாக இந்தத் தவறுகளை ஆசிரியர்களுக்காகப் பட்டியலிடுகிறது. 2001-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஸ்பானிஷுக்கு மட்டுமல்ல, திராவிட மொழிகளுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது.

மெட்ராஸில் நடந்த சோதனை

சரி, தவறு எங்கே வருகிறது என்று தெரிந்துவிட்டது. பேச்சு எப்படி வரும்? இதற்கான பதில்களில் ஒன்று இங்கேயே பிறந்தது.

1950-களின் இறுதியில் அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் புதிய முறையில் பயிற்சி தர ஒரு பெரிய முயற்சி நடந்தது. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு என்பதால் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்ற பெயரே வந்தது. பனியே பார்க்காத ஊருக்கு இப்படியொரு பெயர்! வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பதிய வைப்பதுதான் அன்றைய முறை. மாணவர்கள் வகுப்பில் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னார்கள். வெளியே வந்து பேசச் சொன்னால் வாய் எழவில்லை.

மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு இதைத் தலைகீழாக்கினார். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, மெட்ராஸ், கடலூர் உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவருடைய குழு இலக்கணப் பாடத்தையே எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மாணவர்களுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள்: ஒரு ரயில் அட்டவணை, ஒரு வரைபடம். இந்த ரயிலை விட்டால் அடுத்து எதைப் பிடிக்கலாம்? ஏன்? மாணவரின் கவனம் முழுக்க விடையில் இருக்கும். மொழி பின்னாலேயே வரும் என்பது அவர் நம்பிக்கை. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு புதிரைப் போட்டுக் காட்டுவார், பிறகு அதே போன்ற இன்னொன்றை மாணவர் தனியாகச் செய்வார்.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் திட்டத்தை மதிப்பிட்டு, ஓரளவு ஆதரவான முடிவையே சொன்னார்கள். பிரபுவின் நூல் 1987-இல் வந்தது. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் 'செயல்வழி மொழி கற்பித்தல்' முறைக்கு இது முன்னோடிகளில் ஒன்று. மெட்ராஸ் பள்ளிகளும் இருந்தும் புத்தகங்களில் அது 'பெங்களூர் புராஜெக்ட்' என்றே நிலைத்துவிட்டது. சென்னைக்காரர்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம்.

1990-இல் பிரபு எழுதிய இன்னொரு கட்டுரை, 'சிறந்த முறை' என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டது. தன் முறையே உலகம் பேசும் அளவுக்கு வளர்ந்த பிறகு இப்படி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பெருங்குடிக்கு ஒரு பாடம்

லாடோவையும் பிரபுவையும் ஒன்றாக உட்கார வைத்தால் பெருங்குடிக்கான பாடம் எப்படி இருக்கும்?

பறக்கும் ரயிலின் அட்டவணை ஒன்று போதும். 'காலை பத்து மணிக்குத் திருமயிலையில் கூட்டம். நீ பெருங்குடியில் ஏறுகிறாய், நண்பர் வேளச்சேரியில். இருவரும் ஒரே ரயிலில் போக வேண்டும்.' இதை இருவர் ஆங்கிலத்தில் பேசித் தீர்க்க வேண்டும். ஆர்டர் செய்த சாப்பாடு வரவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. மரியாதையும் கண்டிப்பும் சேர்ந்து வர வேண்டிய இடம் அது. ஐ.டி. ஊழியருக்கு இன்னும் சுலபம், தினமும் காலையில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் கூட்டமே பாடம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடுக்கிறது. மூன்று கேள்விகளில் மூன்று காலமும் வந்துவிடுகிறது. 'முடிச்சுட்டேன்' என்பதை 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே' என்று சொல்லும் பழக்கம் அங்கேதான் வெளியே வரும். 'நேற்று' என்று நேரம் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வேண்டாம் என்று அந்த இடத்திலேயே தமிழில் இரண்டு வரி விளக்கினால் வேலை முடிந்தது.

தமிழில் விளக்குவதா என்று சில பயிற்சி மையங்கள் பதறும். 'நோ தமிழ்' பலகை மாட்டிய வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. 'தான்' எங்கே போயிற்று என்பதை ஆங்கிலத்தில் விளக்க அரை மணி நேரம் ஆகும், தமிழில் ஒரு நிமிடம்.

வகுப்பறைக்கு வெளியே இருக்கும் தடையையும் பாடத் தயாரிப்பாளர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் 'பீட்டர் விடுறான் பாரு' என்பார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி, இந்த இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொள்வதே பத்திரம் என்று முடிவு செய்கிறார். 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. அதுபோன்ற பெரிய வகுப்புகளில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசச் சொல்வதைவிட, இருவர் இருவராக உட்கார வைத்து ஒரு புதிரைக் கொடுப்பது இந்தக் கூச்சத்துக்கு நல்ல மருந்து. கேட்பவர் ஒருவர்தான், அவருக்கும் விடை வேண்டும்.

வகுப்பு கிடைக்காதவருக்குக் கையில் இருக்கும் போன் போதும். நாளைய ஸ்டாண்ட்-அப்பில் சொல்லப்போவதை நாற்பது விநாடி பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எந்தச் சொல் சற்று உரக்க, சற்று நீளமாக ஒலிக்கிறது? தமிழில் சொல்லியிருந்தால் 'தான்' எங்கே விழுந்திருக்குமோ, குரல் அங்கே ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால், 'ஒன்லி'யை எடுத்துவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் அழுத்தி மறுபடி பதிவு செய்யலாம்.